வகுபடாத கணக்கு

தேதி கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது மேடம்.
நல்ல நாளு பொல்லாத நாளு எல்லாம்
எங்க முக்கூடல்ல பீடிக் கணக்குதான்.
இந்தாங்க பாஸ்புக்கு.
தூள் வாடை அடிக்கும், பாத்துத் தொறங்க.

ஆயிரம். ஆயிரம். தொள்ளாயிரத்து அம்பது. ஆயிரம்.
இங்க பாருங்க, முந்நூறு.
அம்மன் கொடைக்கு மறுநாள் அது.
வலது மணிக்கட்டு வீங்கிக்
கத்திரி பிடிக்க வரல.

இந்த நானூறு, குழம்புல உப்புன்னு சொன்னாவ.
உப்பு கூடவா கொறைவான்னு இன்னைக்கும் தெரியாது.
தட்டு சுவத்துக்குப் போன வேகத்துல
யாரு நாக்குல வச்சுப் பாத்தா.

இந்த ரெண்டு நாளும் வெறுங்கோடு.
இதை எப்படிச் சொல்ல...
ஏட்டி முப்பிடாதி,
வெளிய பானையில தண்ணி இருக்கு, குடிச்சிட்டு வா.
மெதுவாவே வா.

*

கம்பெனியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிவச்சேன்.
மூணாவது தடவை வழுக்கினப்போ
கணக்கெழுதுற செய்யதலி பாத்திமா அக்கா
கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தா.
"ஒங்க வீட்டுத் தரை
யாரு பேச்சைக் கேட்டுட்டி இப்படி வழுக்குது?"

நான் சொளவைத் தட்டிக்கிட்டு வந்துட்டேன்.

பொறவு ஒரு சனிக்கெழமை,
இருபத்தஞ்சு இருபத்தஞ்சாக் கட்டி
இருபத்தாறு கட்டு குடுத்திருக்கேன்,
அக்கா நூத்தி எம்பத்தொண்ணுன்னு எழுதுதா.
சண்டைக்குப் போயிட்டேன் மேடம்.
எந்த ஊரு வாய்ப்பாட்டுலக்கா வரும்
நூத்தி எம்பத்தொண்ணு?
மிச்சத்தை எலி தின்னுட்டா?
வரிசையில நின்னவளுவ எல்லாம் சிரிக்கா.

அக்கா புத்தகத்தை மூடி என் மடியில வச்சு
தணிஞ்ச கொரல்ல சொன்னா:
"ஒன் கணக்கு மேல் வரியில சரியாத்தான் கெடக்கு.
இது போன் நம்பருட்டி.
ஒம் மாப்பிள்ளை பொரட்டிப் பாத்தாலும்
பீடின்னுதான் நெனைப்பாரு."

பதினேழு நாள் அந்த நம்பரோட குடித்தனம் நடத்துனேன்.
அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன்.
'ஆம்பளைக் கை நீளத்தான் செய்யும்'னான்.
அவன் கையும் நீளம்தான், மதினிகிட்ட கேளுங்க.

அக்கா போன்லேருந்து,
இலை மூட்டைக்குப் பின்னால உக்காந்து அடிச்சேன்.
மொதத் தடவை 'வணக்கம்'னு கேட்டதும் வச்சிட்டேன்.
ரெண்டாந்தடவை அந்தப் பிள்ளை கேட்டா,
"இப்போ நீங்க பேசுறது
உங்களுக்குப் பத்திரமான இடமா?"
பதினோரு வருசத்துல யாரும் கேக்காத கேள்வி.
பதில் தெரியாம
மூட்டையைத் தடவிக்கிட்டே இருந்தேன்.
அவளும் வைக்காம இருந்தா.

*

கொக்கிரகுளத்துக்கு வார பஸ்ஸுல
பேட்டை தாண்டும்போது எறங்கிரலாமான்னு தோணிச்சு.
சாயங்காலம் தண்ணி வாரதுக்குள்ள திரும்பணுமேன்னு
மனசு கொடத்தை எண்ணிக்கிட்டே வந்துச்சு.

என்ன கேட்டீங்க? கூலியா?
வாரக் கூலி அவிய கைக்குத்தான் போகும்.
எனக்கு எதுக்குத் துட்டு, வேண்டியதை அவியதான...
அதையும் எழுதுதீங்களா?
அதுவும் இதுல சேருமா மேடம்?

சேரும்னு சொல்லுதீங்க.
அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் தாங்க.
அப்போ இந்த ஆயிரம்,
இந்தா இந்த ஆயிரம்,
ஒரு அடியும் விழாம சுத்துன ஆயிரம் எல்லாம்?

இல்ல, அழல. தூள் கண்ணுல பட்டுட்டு.

*

பேரு சொல்லணுமா, அவிய பேரா?
சொன்னா ஆயுசு கொறையும்பாங்க எங்க பக்கம்.
பதினோரு வருசம் நான் வாயை மூடிக்
காத்துவச்ச ஆயுசு அது.

சொரிமுத்து.

ஒண்ணும் ஆகல. மேல காத்தாடி சுத்துது.
நீங்க பேனாவை நிறுத்திக் கேக்கீங்க,
சின்ன ரவா பெரிய றவான்னு.
நான் அஞ்சாப்போட நின்னவ மேடம்.

கதவுப் பக்கமிருந்து முப்பிடாதி சொல்லுதா
"சின்ன ர."

எம்புட்டு நேரமாட்டி அங்க நிக்கே?